அஸ்தமனச் சட்டமும் அசீம்கஞ்சுச் சமணரும்

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்திற்கு நேரும் குற்றங்களை எண்ணும் இடத்தில், நிலத்தையும் மனையையும் முதலில் வைக்கிறது. பொன்னும் வெள்ளியும் அவற்றின் பின்னரே வருகின்றன. உபாசகதசாங்கத்தில் ஆனந்தன் என்னும் சாவகன் பகவான் மகாவீரரின் முன்னிலையில் தன் உடைமைக்கு எல்லை வகுத்தபோது, நிலத்தை 500 ஏர் என்று வரையறுத்துக்கொண்டான். இவ்வளவு போதும் என்று வாங்குவோன் எங்கே நிற்பது என்பது ஆகமம் அன்றே எழுப்பிய வினா. வங்காளத்தில் நிலம் ஏலக்கூவலுக்கு வந்த காலத்தில் அவ்வினா மீண்டும் உயிர்பெற்றது.

1793 மார்ச் 22ஆம் நாள் காரன்வாலிஸ் பிரபு நிலையான நிலவரித் திட்டத்தை அறிவித்தார். ஜமீன்தார் தண்டும் வாரத்தில் பதினொன்றில் பத்துப் பங்கு கும்பினியாருக்கு உரியது. தவணை நாளன்று கதிரவன் மறைவதற்குள் பணம் கருவூலம் சேராவிடில் ஜமீன் ஏலத்திற்கு வரும். மழை பொய்த்தது, வெள்ளம் கொண்டுபோயிற்று என்னும் முறையீடுகளுக்கு அங்கே இடமில்லை. மக்கள் இதனை அஸ்தமனச் சட்டம் என்றே வழங்கினர். ராணி பவானியின் பெயரால் புகழ்பெற்ற நாட்டோர் ஜமீன் துண்டு துண்டாக விலைபோயிற்று. நதியாவும் தினாஜ்பூரும் அவ்வாறே தேய்ந்தன. இத்திட்டம் வந்தபின் வங்காளத்து ஜமீன்களில் நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேற்பட்டவை கைமாறின.

பர்துவான் அரசர் மட்டும் ஏலத்தையே ஏமாற்றக் கற்றார். சட்டம் பெண்டிர் சொத்தைத் தீண்டாது என்பதால் நிலத்தின் ஒரு பகுதி அன்னையின் பெயருக்கு மாறியது. எஞ்சியது ஏலத்திற்கு வந்தபோது அவருடைய ஊழியர்களே பிறரைவிட மிகுத்துக் கேட்டனர். கேட்டபின் பணம் கட்ட மறுத்தனர். மறு ஏலத்திலும் அதுவே நிகழ்ந்தது. அதிகாரிகள் சலித்து, மற்றவர்களும் கேட்பதை நிறுத்திய நிலையில், நிலம் குறைந்த விலைக்கு அரசரிடமே திரும்பியது. 1797ஆம் ஆண்டு பர்துவான் ஏலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்ட விற்பனைகள் இத்தகைய பொய் விற்பனைகளே. வெளியார் எவரேனும் மெய்யாகவே வாங்கினால், பழைய ஜமீன்தாரின் தடியடி ஆட்கள் வாயிலில் காத்திருந்தனர். விலை கொடுப்பது எளிது, உடைமை கொள்வது அரிது என்பதைப் புதியவர்கள் விரைவில் உணர்ந்தனர்.

இந்த நிலச் சந்தையின் அண்டையிலேதான் முர்ஷிதாபாத்தின் சமணக் குடும்பங்கள் வாழ்ந்தன. நாகூரிலிருந்து வந்த ஜகத்சேட் மரபினர் நவாபுகளுக்கே கடன் கொடுத்தவர்கள். 1763இல் மீர் காசிம் அம்மரபின் தலைவர்கள் இருவரைக் கொன்றபின் அந்த வீடு தாழ்ந்தது. பாகீரதியின் இரு கரைகளில் அசீம்கஞ்சிலும் ஜியாகஞ்சிலும் குடியேறியிருந்த ராஜஸ்தானத்து ஓஸ்வாலர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தலையெடுத்தனர். வட்டித் தொழிலும் வணிகமும் ஈட்டிய பொருள் ஜமீன் உரிமைகளாக மாறியது.

இல்லறத்தார் விலக்க வேண்டிய பதினைந்து தொழில்களுள் மண்ணைப் பிளக்கும் தொழிலும் ஒன்று. அந்நூல்வழி நின்ற வணிகர் ஏரைத் தொடவில்லை. அவர்கள் விலைக்கு வாங்கியது மண்ணையன்று, அம்மண்ணில் வாரம் தண்டும் உரிமையை. உழுதவன் அதே வயலில் உழுதுகொண்டிருந்தான். அவனை எவரும் கேட்கவில்லை. வந்தவாசி, திண்டிவனம் வட்டாரங்களில் தலைமுறைகளாகத் தாமே வேளாண்மை செய்துவந்த தமிழ்ச் சமணருக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். ஏரைத் தொடாத கை தூய்மையானது என்று சொல்லிவிடலாம். ஆனந்தன் வகுத்த எல்லையை அது நினைவில் வைத்திருந்ததா என்பது வேறு கேள்வி.

தமிழகமும் இவ்வேலத்திற்குத் தப்பவில்லை. 1802ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைப்படி செங்கற்பட்டும் சேலமும் மிட்டாக்களாகக் கூறுபடுத்தப்பட்டு, மிகுத்துக் கேட்டவருக்கு விற்கப்பட்டன. ஆசையால் விலையை ஏற்றியவர்களுள் பலர் சில ஆண்டுகளிலேயே கிஸ்தி கட்ட இயலாது வீழ்ந்தனர். பின்னர் மன்றோவின் ரயத்துவாரி முறை நிலைபெற்றது.

அசீம்கஞ்சுச் செல்வம் வேறு வழியிலும் பாய்ந்தது. லட்சுமிபத் சிங் தூகர் 1873இல் கட்கோலாவில் ஆதிநாதர் ஆலயத்தை எழுப்பினார். அவருடைய சகோதரர் தனபத் சிங், சுவேதாம்பர ஆகமங்களை முதன்முதலாக அச்சில் வெளியிட்டார். சத்ருஞ்ஜய மலையடிவாரத்தில் அவர் கட்டிய ஆலயம் 1893இல் பிரதிட்டை பெற்றது. அசீம்கஞ்சின் பூரண்சந்த் நாஹர் ஊர் ஊராகச் சென்று சமணக் கல்வெட்டுகளைத் தொகுத்தார்; அத்தொகுதிகள் மூன்றும் இன்றளவும் ஆராய்ச்சியாளர் கைகளில் உள்ளன.

1953ஆம் ஆண்டின் மேற்கு வங்கச் சட்டம் ஜமீன் உரிமைகளை அரசுடைமையாக்கியது. கட்கோலாத் தோட்டத்தில் நான்கு சகோதரரின் குதிரைமேல் அமர்ந்த சிலைகள் நிற்கின்றன. சற்று அப்பால் ஆதிநாதர் ஆலயத்தில் பூசை நடக்கிறது.