கட்டுவது ஓரிடம், வழங்குவது ஓரிடம்: கைபேசியில் மின்னூலக வழங்கி

ஒரு மின்னூலகத்துக்குள் இருவகை வேலை நடக்கிறது. நூல்களையும் ஆவணங்களையும் திரட்டி, மீத்தரவு சேர்த்து, சொல்லடைவு ஆக்கித் தேடலுக்கு ஏற்றதாக்குவது ஒன்று. அதைக் கட்டுதல் எனலாம். வாசகர் கேட்கும் பக்கத்தை எடுத்துத் தருவது மற்றொன்று, அது வழங்கல். சில மென்பொருள்கள் இவ்விரண்டையும் ஒரே கணினியில் பிரிக்க முடியாதபடி பின்னி வைத்துள்ளன. வேறு சில, கட்டுதலை முழுவதும் முடித்துவிட்டு அதன் விளைவை மட்டும் வழங்கியிடம் ஒப்படைக்கின்றன. கைபேசியில் மின்னூலக வழங்கி இயங்குமா என்ற கேள்விக்கு விடை, கைபேசியின் வேகத்திலோ கொள்ளளவிலோ இல்லை. மென்பொருள் இந்தப் பிரிவினையை எவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறது என்பதில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. முன்னோடி முயற்சிகள்

கைபேசியை வழங்கியாக்கும் எண்ணம் ஆண்ட்ராய்டுக்கு முந்தியது. நோக்கியா ஆய்வு மையத்தினர் அப்பாச்சி வலை வழங்கியைச் சிம்பியன் இயங்குதளத்தின் எஸ்60 கைபேசிகளுக்குக் கொண்டுவந்தனர். ரக்கூன் எனப்பட்ட அம்முயற்சி 2006இல் வெளியுலகுக்குத் தெரிந்தது. மென்பொருளை இயக்குவதில் அவர்கள் வென்றனர். ஆனால் தொலைபேசி நிறுவனங்களின் வலையமைப்பு, கைபேசிக்கு வெளியிலிருந்து அணுகக்கூடிய முகவரியைத் தருவதில்லை. ஆகவே இடையில் ஒரு நுழைவாயில் கணினியை நிறுத்தி, அதன் வழியே கோரிக்கைகளைக் கைபேசிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. உலகம் முழுவதற்குமான வழங்கியாகக் கைபேசி இருக்க முனைந்தால், அதற்குத் துணையாக எங்கோ ஒரு பெரிய கணினி எப்போதும் விழித்திருக்க வேண்டும் என்பது அப்போதே தெளிவாயிற்று.

இரண்டாவது முயற்சி நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழகத்தில் நடந்தது. அங்கு உருவான கிரீன்ஸ்டோன் மின்னூலக மென்பொருளை டேவிட் பெயின்பிரிட்ஜ், இயன் விட்டன் முதலியோர் ஐபாட் இசைக்கருவியில் இயக்கிக் காட்டி, 2008இல் ஆய்வுரைகளாக வெளியிட்டனர். தொலைவிலுள்ள நூலகத்தைக் கையடக்கக் கருவியில் பார்ப்பது அவர்கள் நோக்கமன்று. வழங்கியும் தொகுப்பும் முழுமையாகக் கருவிக்குள்ளேயே இருந்தன. ஐபாடை வலை வழங்கியாக அமைத்து, மற்றொரு கணினியின் பெரிய திரையில் அதன் நூல்களைப் படிக்கவும் வழி செய்திருந்தனர். கையடக்கக் கருவி எப்போதும் கேட்கும் இடத்தில்தான் இருக்கும் என்ற வழக்கம் இங்கே தலைகீழானது. ரக்கூன் தடுமாறிய இடத்தில் இம்முயற்சி தடுமாறவில்லை. அருகிலிருப்பவருக்கு வழங்குவதோடு அது நின்றுகொண்டதே காரணம்.

2. இயங்குதளம் இடும் தடைகள்

ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது லினக்ஸ் கருவகம். அதனால் லினக்ஸ் வழங்கியில் ஓடும் எதுவும் இதிலும் ஓடிவிடும் எனத் தோன்றலாம். நடப்பு வேறு. 1024க்குக் கீழ்ப்பட்ட துறை எண்களைச் சாதாரணச் செயலி திறக்க முடியாது. வலை வழங்கிகளுக்கு வழக்கமான 80ஐ விட்டு 8080 போன்றவற்றையே நாட வேண்டும். இது சிறிய தடை. மற்றவை பெரியவை.

2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0, மின்னூட்டியில் இணைக்கப்படாமல், திரை அணைந்து அசையாமல் கிடக்கும் கைபேசியில் செயலிகளின் வலைத்தொடர்பை நிறுத்திவைக்கத் தொடங்கியது. 2017இன் 8.0, பின்னணியில் ஓடும் செயலிகளைக் கட்டுப்படுத்தியது. தொடர்ந்து ஓட வேண்டிய செயலி, தான் ஓடுவதை அறிவிப்புப் பட்டையில் காட்டியாக வேண்டும். 2019இன் 10ஆம் பதிப்புக்கெனத் தொகுக்கப்படும் செயலிகள், தம் சொந்தக் கோப்புறையில் எழுதிய நிரல் கோப்புகளை இயக்க முடியாது. 2021இன் 12ஆம் பதிப்பு, செயலிகள் பிறப்பிக்கும் துணைச் செயல்முறைகளை எல்லாச் செயலிகளுக்கும் சேர்த்து 32 என வரையறுத்தது. ஜாவா மொழியிலும் சிக்கல் உண்டு: ஆண்ட்ராய்டு வழக்கமான ஜாவா இடைநிலைக் குறியை இயக்குவதில்லை; அதைத் தனக்குரிய டெக்ஸ் வடிவத்துக்கு மாற்றிய பின்பே ஏற்கும்.

இத்தடைகள் தனித்தனியாகப் பிறந்தவையாயினும் ஒரே கொள்கையின் விளைவுகள். மின்கலத்தையும் பயனரின் பாதுகாப்பையும் காக்க, ஒரு செயலி தன் எல்லைக்குள் நின்று, சில வேலைகளைச் சில நேரம் மட்டும் செய்ய வேண்டும் என்று இயங்குதளம் எதிர்பார்க்கிறது. ஐபோனில் இக்கொள்கை இன்னும் இறுக்கமானது. பின்னணிக்குச் சென்ற செயலி சிறிது நேரத்தில் உறையவைக்கப்படுவதால், வழங்கியாக இயங்கும் செயலி திரையிலேயே இருந்தாக வேண்டும். கொள்ளளவு எவ்வளவு கூடினாலும் இத்தடைகள் தளர்வதில்லை. மென்பொருள்தான் இவற்றுக்குள் அடங்கும் வடிவம் எடுக்க வேண்டும்.

3. மூன்று மென்பொருள்கள்

எம்ஐடியும் எச்பி நிறுவனமும் சேர்ந்து 2002இல் வெளியிட்ட டிஸ்பேஸ், பல்கலைக்கழகக் களஞ்சியங்களில் பரவலாக ஆளப்படுவது. அதன் 7ஆம் பதிப்பு முதல், முகப்பு ஒரு நிரலாகவும் ஜாவாவில் எழுதிய பின்புலம் மற்றொன்றாகவும் பிரிந்துள்ளன. தரவுகளைப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் காக்கிறது. தேடலைச் சோலர் பார்த்துக்கொள்கிறது. ஆய்வாளர் ஒருவர் இன்று ஆய்வேட்டைப் பதிவேற்றினால் அது உடனே தேடலில் கிடைக்க வேண்டும் என்பதற்கான அமைப்பு இது. கட்டுதலும் வழங்கலும் இடைவிடாமல் ஒன்றாக நடப்பதால், நான்கு நிரல்களும் எப்போதும் விழித்திருக்க வேண்டும். மேலே சொன்ன பெரிய தடைகள் பலவற்றிலும் இது முட்டிக்கொள்ளும். இது டிஸ்பேஸின் குறையன்று; அது ஏற்ற பணி வேறு.

கிரீன்ஸ்டோன் எதிர்த்திசையில் வளர்ந்தது. யுனெஸ்கோவும் பெல்ஜியத்தின் ஹியூமன் இன்ஃபோ அமைப்பும் துணைநிற்க 2000இல் தொடங்கிப் பரப்பப்பட்ட அது, இணையம் எட்டாத நாடுகளுக்குத் தொகுப்புகளைக் குறுவட்டில் அனுப்பும் தேவையை முன்னிறுத்தியது. குறுவட்டில் எதையும் எழுத முடியாது. ஆகவே எல்லாக் கட்டுதலும் வட்டு எரிக்கப்படும் முன்பே முடிந்தாக வேண்டும். கிரீன்ஸ்டோன் தொகுப்பின் கோப்புறைகளிலேயே இந்த ஒழுங்கைக் காணலாம். மூல ஆவணங்கள் இம்போர்ட்டில் இடப்படும். ஒரே வடிவத்துக்கு மாற்றப்பட்டு ஆர்க்கைவ்ஸில் சேரும். சொல்லடைவு பில்டிங்கில் உருவாகும். முடிந்ததும் அது இண்டெக்ஸ் என்ற இடத்துக்குப் பெயர்க்கப்படும். வழங்கி முதன்மையாக நாடுவது கடைசியில் உள்ளதையே. ஐபாடுக்குள் அதைக் கொண்டுசெல்ல முடிந்ததற்குக் குறுவட்டுக் காலத்தின் இந்தக் கட்டுப்பாடு பெருந்துணை.

இப்பிரிவினையை இறுதிவரை கொண்டுசென்றது கிவிக்ஸ். 2007இல் இம்மானுவேல் எங்கல்ஹார்ட், ரெனோ கோடன் ஆகியோர் தொடங்கிய இத்திட்டம், விக்கிப்பீடியாவை இணையமின்றிப் படிப்பதற்கானது. தொகுப்பு முழுவதும், படங்களும் சொல்லடைவும் உட்பட, ஜிம் என்ற ஒரே கோப்பாகிவிடுகிறது. படங்களோடு கூடிய ஆங்கில விக்கிப்பீடியா சுமார் 100 ஜிபி. கிவிக்ஸின் ஆண்ட்ராய்டு செயலியில் ஹாட்ஸ்பாட் வசதி உண்டு: வழங்க வேண்டிய கோப்புகளைத் தேர்ந்து இயக்கினால், செயலி ஒரு முகவரியைக் காட்டும். அக்கைபேசியின் வைஃபையில் இணைந்தவர்கள் அம்முகவரியை உலாவியில் இட்டால் போதும். அவர்கள் எதையும் நிறுவ வேண்டியதில்லை. தரவுத்தளம் இல்லை, துணைச் செயல்முறைகளின் கூட்டம் இல்லை, ஒரு செயலி, ஓர் அறிவிப்பு, படிப்பதற்கு மட்டுமான கோப்பு.

4. ஒரு பக்கம் எடுக்கப்படும் வழி

ஜிம் கோப்பின் உள்ளமைப்பைப் பார்த்தால், கட்டும்போது செய்த வேலை வழங்கும்போது எவ்வளவு மிச்சமாகிறது என்பது விளங்கும். கோப்பின் தொடக்கத்தில் 80 பைட் கொண்ட தலைப்பகுதி, பிற பகுதிகள் எங்கே தொடங்குகின்றன என்பதைச் சொல்கிறது. அவற்றுள் ஒன்று, ஒவ்வொரு பதிவின் இருப்பிடத்தையும் 8 பைட்டில் குறித்து, முகவரிகளின் அகரவரிசையில் அடுக்கிய பட்டியல். பத்து லட்சம் பதிவுகள் இருந்தால் இப்பட்டியல் 80 லட்சம் பைட், அதாவது ஏறத்தாழ 8 எம்பி. வரிசை முன்பே அமைந்திருப்பதால், பட்டியலின் நடுவைப் பார்ப்பது, வேண்டியது முன்னா பின்னா என அறிந்து பாதியைத் தள்ளுவது, மீண்டும் நடுவைப் பார்ப்பது என்று சென்றால், சுமார் 20 ஒப்பீடுகளில் பதிவு அகப்படும்.

பதிவு இரண்டு எண்களைத் தரும்: பக்கம் எந்தக் கொத்தில் உள்ளது, கொத்துக்குள் எத்தனையாவது. பல பக்கங்களைச் சேர்த்து ஒன்றாகச் சுருக்கியதே கொத்து. வழங்கி அந்த ஒரு கொத்தை மட்டும் விரித்து, உரிய பகுதியை உலாவிக்கு அனுப்புகிறது. கோப்பு 1 ஜிபி ஆனாலும் 100 ஜிபி ஆனாலும் ஒரு கோரிக்கைக்கு விரிக்க வேண்டியது ஒரு கொத்தே. கொத்து பெரிதானால் சுருக்கம் நன்றாக அமையும், விரிக்கும் வேலை கூடும், சிறிதானால் மறுதலை. இந்தப் பேரத்தையும் கட்டுபவரே முடித்துவிடுகிறார்.

தமிழ்த் தொகுப்புகளுக்கு இதில் தனி ஆதாயம் உண்டு. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் கொள்கிறது. புள்ளியும் உயிர்க்குறியும் தனிக்குறியீடுகள் என்பதால் மூன்றெழுத்துச் சொல்லான ‘தமிழ்’ 15 பைட் ஆகிறது. தமிழ்க் குறியீடுகளின் முதல் பைட் எப்போதும் ஒன்றே என்பதால், கொத்தாகச் சுருக்கும்போது இந்த மிகையின் பெரும்பகுதி கரைந்துவிடும். தேடல் அவ்வளவு எளிதன்று. ‘நூலகத்தில்’, ‘நூலகங்களுக்கு’ என வேற்றுமையும் பன்மையும் ஏறிய வடிவங்களை ஒரே சொல்லின்கீழ்க் கொண்டுவர, சொல்லடைவு ஆக்கும்போதே விகுதி நீக்க வேண்டும். வாசகர் தட்டும் சொல்லுக்கும் அதே விதியை வழங்கி பின்பற்ற வேண்டும். கட்டும் இடமும் வழங்கும் இடமும் விதியில் மாறுபட்டால், நூல் கைபேசியில் இருந்தும் தேடலில் அகப்படாது.

5. உலாவியிடம் விட்ட வேலை

பிரிவினை தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கிவிக்ஸ் குடும்பத்திலேயே சான்றுண்டு. எந்த வலைத்தளத்தையும் ஜிம் கோப்பாக்கும் ஜிமிட் கருவியின் முதல் பதிப்பு, பக்கத்திலுள்ள இணைப்புகளைத் தொகுப்புக்குள் திருப்பிவிடும் வேலையைக் கட்டும்போது செய்யாமல், வாசகரின் உலாவியில் ஓடும் சர்வீஸ் வொர்க்கர் நிரலிடம் விட்டது. அத்தகைய நிரலை உலாவிகள் மறையாக்கம் பெற்ற முகவரிகளிலோ தன் கருவிக்குள் இருக்கும் வழங்கியிலோ மட்டுமே அனுமதிக்கும். கைபேசியின் ஹாட்ஸ்பாட் முகவரி மறையாக்கமற்றது. ஆகவே வழங்கும் கைபேசியில் திறக்கும் தொகுப்பு, அதோடு இணைந்த பக்கத்துக் கைபேசியில் திறக்கவில்லை. 2024இல் வந்த இரண்டாம் பதிப்பு சர்வீஸ் வொர்க்கரைக் கைவிட்டு, பக்கங்களிலுள்ள இணைப்புகளைக் கட்டும்போதே திருத்தி எழுதியது. தீர்வு வழங்கியை வலுவாக்குவதில் இல்லாமல், உலாவியிடம் விட்ட வேலையைக் கட்டும் இடத்துக்கு நகர்த்துவதில் இருந்தது.

6. எல்லைகள்

இப்பிரிவினைக்கு விலையும் உண்டு. கட்டி முடித்த தொகுப்பில் ஒரு பிழையைத் திருத்த வேண்டுமானாலும் முழுக் கோப்பையும் புதிதாக ஆக்கி மாற்ற வேண்டும். இணையம் அரிதான இடத்தில் 100 ஜிபியை மீண்டும் கொண்டுவருவது எளிதன்று. வாசகர்கள் குறிப்பெழுதவோ உள்ளூர் ஆவணங்களைச் சேர்க்கவோ இவ்வமைப்பில் இடமில்லை. 32 ஜிபி வரையிலான நினைவட்டைகள் வழக்கமாக ஃபாட்32 முறையில் அமைவதால், அவற்றில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பைத் துண்டுகளாக்கியே வைக்க முடியும்.

ராஸ்பெரி பை போன்ற சிறு கணினி இருக்கக் கைபேசி எதற்கு என்ற எதிர்வாதமும் கருதத் தக்கது. பள்ளி நூலகம் போல ஓரிடத்தில் நாள் முழுவதும் வழங்க வேண்டுமானால் சிறு கணினியே பொருத்தம்; அதை எந்த இயங்குதளமும் உறங்கச் சொல்வதில்லை, தரவுத்தளத்தையும் அதில் நிறுவலாம். கைபேசியின் வலிமை வேறிடத்தில் உள்ளது. மின்கலம், திரை, வைஃபை அலைக்கருவி மூன்றும் ஒன்றாக ஏற்கெனவே கையில் இருப்பதால், ஒரு வகுப்பு நடக்கும் நேரத்துக்கும் ஒரு பயிற்சி முகாமின் ஒரு பொழுதுக்கும் உரிய வழங்கி அது. பல கைபேசிகளின் ஹாட்ஸ்பாட் பத்துப் பேர் அளவிலேயே இணைய விடுவதும் இந்த அளவையே சுட்டுகிறது.

ஆகவே ஒரு மின்னூலக மென்பொருள் கைபேசிக்கு ஏற்றதா என்பதை மூன்று கேள்விகளால் அறியலாம். வழங்கும்போது தொகுப்பில் எதையாவது எழுதுகிறதா? ஒன்றுக்கு மேற்பட்ட நிரல்கள் விழித்திருக்க வேண்டுமா? வாசகரின் உலாவியிடம் பக்கத்தைக் காட்டுவதற்கு மேல் எதையாவது எதிர்பார்க்கிறதா? மூன்றுக்கும் இல்லை என்ற விடை வந்தால், கைபேசி அதற்கு நல்ல வழங்கி. ஒன்றுக்கு ஆம் என்று வந்தாலும், வேகமான கைபேசியைத் தேடுவதில் பயனில்லை. அந்த வேலையைக் கட்டும் இடத்துக்குக் கொண்டுபோக முடியுமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.