ஆடாமல் நிற்பவரைக் காணாத கண்

போன குளிர்காலத்தில் ஒரு இரவு, அம்மம்மா இருட்டில் நடந்துபோய்க் கதிரை ஒன்றில் தடக்கி விழுந்தார். நல்ல காலம், எலும்பு முறியவில்லை. முழங்காலில் மட்டும் கண்டல். சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஏன் லைற்றைப் போடவில்லை என்று அம்மா கேட்டார்.

"எல்லாரும் நித்திரை. நான் ஒருத்தி போய்வாறதுக்கு ஏன் அவ்வளவு பெரிய லைற்றை எரிப்பான்?"

அம்மம்மாவுக்கு இது கஞ்சத்தனம் இல்லை. 1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கிய பிறகு, யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோனது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும்கூடத் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சை வைத்து, அதிலிருந்து ஒரு மெல்லிய திரியை எடுத்துக் கொளுத்துவார்களாம். போத்தல் கண்ணாடி காற்றைத் தடுக்கும். அந்த வெளிச்சத்தில்தான் அம்மா படித்தார். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். அப்படி வருடக்கணக்கில் வாழ்ந்த ஒருவரிடம் "ஒரு சுவிட்ச்தானே, போடுங்கோ" என்று சொல்வது எனக்குச் சுலபம். அவருடைய கைக்கு அது சுலபம் இல்லை.

எனவே, சுவிட்சைத் தொடவே தேவையில்லாத ஒரு விளக்கைச் செய்ய நினைத்தேன். அம்மம்மா கட்டிலை விட்டு எழும்பினால் நடைபாதையில் மெல்லிய வெளிச்சம் வர வேண்டும். திரும்பிப் படுத்தால் அதுவாகவே குறைய வேண்டும். அதற்கு மூன்று விஷயங்கள் வேண்டும்: ஆள் அசைவதை அறியும் ஒரு கண், வயர் இல்லாமல் செய்தி அனுப்பும் ஒரு வழி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு கை. இந்த மூன்றும் எங்கிருந்து வந்தன என்று தேடினேன். முதலாவதன் கதை என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். இலங்கைக்கு!

சாம்பலை இழுத்த கல்

1658இல் யாழ்ப்பாணக் கோட்டையை ஒல்லாந்தர் பிடித்தார்கள் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1796 வரை இலங்கையின் கரையோரம் அவர்கள் கையில் இருந்தது. கறுவாவை ஏற்றிப்போன கப்பல்களில் இரத்தினக் கற்களும் போயின. அவற்றில் ஒன்றுக்குச் சிங்களத்தில் 'தோரமல்லி' என்று பெயர். அதுவே ஐரோப்பிய மொழிகளில் 'டூர்மலின்' ஆனது.

1707இல் ஜெர்மன் மொழியில் வந்த ஒரு புத்தகம் இந்தக் கல்லைப் பற்றி ஒரு வேடிக்கையைச் சொல்கிறது. அடுப்புத் தணலுக்குள் இந்தக் கல்லைப் போட்டால், சுற்றியுள்ள சாம்பலை அது தன் பக்கம் இழுக்கும். சிறிது நேரத்தில் அதே சாம்பலைத் தள்ளியும் விடும். ஒல்லாந்தர் இதற்குச் 'சாம்பல் இழுப்பி' என்று பெயர் வைத்தார்கள். புகைக் குழாயில் ஒட்டியிருக்கும் சாம்பலை எடுக்க இதைப் பயன்படுத்தினார்கள். சிலர் இதை 'இலங்கைக் காந்தம்' என்றார்கள்.

ஆனால் இது காந்தம் இல்லை. காந்தம் இரும்பை இழுக்கும், சாம்பலை இழுக்காது. அப்படியானால் என்ன? 1717இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் லெமெரி என்பவர் இந்தக் கல்லைப் பற்றி எடுத்துச் சொன்னார். 1747இல் தாவரங்களுக்குப் பெயர் வைத்துப் புகழ்பெற்ற லின்னேயஸ், இலங்கைத் தாவரங்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இதை 'மின்கல்' என்றார். 1756இல் பெர்லினில் ஏபினஸ் என்பவர் சோதித்துப் பார்த்தார். சூடாக்கினால் கல்லின் ஒரு முனையில் நேர் மின்னும் மறுமுனையில் எதிர் மின்னும் சேர்வதைக் கண்டுபிடித்தார்.

அதற்குப் பிறகு வந்த கண்டுபிடிப்புத்தான் எனக்கு உதவியது. 1759இல் இங்கிலாந்தில் ஜோன் கான்ரன் என்ற பள்ளி ஆசிரியர் ஒரு சின்ன விஷயத்தைக் கவனித்தார். கல் சூடாக *இருப்பதால்* மின்னேற்றம் வருவதில்லை. அதன் வெப்பநிலை *மாறும்போது* மட்டுமே வருகிறது. சூடேறும்போது ஒரு விதமாக வரும். ஆறும்போது முனைகள் இடம் மாறும். சூடு ஒரே அளவில் நின்றுவிட்டால் புதிதாக எதுவும் வராது. இந்த வசனத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பொறுத்து இது எங்கள் வீட்டுக்கு வரும்.

1824இல் டேவிட் ப்ரூஸ்டர் என்ற ஸ்கொட்லாந்து அறிஞர் இந்தக் குணத்துக்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் அதை 'வெப்ப மின்' என்று எளிமையாகச் சொல்லலாம்.

கல்லில் இருந்து கண்ணுக்கு

கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர் ஒன்று இருப்பதை 1800இல் வில்லியம் ஹேர்ஷல் கண்டுபிடித்திருந்தார். முப்பட்டகக் கண்ணாடியால் சூரிய ஒளியைப் பிரித்து, சிவப்புக்கு அப்பால், ஒளியே தெரியாத இடத்தில் ஒரு வெப்பமானியை வைத்தார். அங்கும் சூடு ஏறியது. அதுதான் அகச்சிவப்புக் கதிர். உங்கள் உடம்பும் இரவும் பகலும் இதை வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மனிதர் வெப்பக் கதிரை விடுகிறார். வெப்பம் மாறினால் மின்சாரம் தரும் படிகம் ஒன்று இருக்கிறது. எனவே, ஆள் கடந்துபோனால் படிகம் சொல்லும்.

கடையில் சில டொலருக்குக் கிடைக்கும் அசைவு உணரியில் இதுதான் நடக்கிறது. வெள்ளைப் பிளாஸ்ரிக் குமிழுக்குள் பக்கம் பக்கமாக இரண்டு சின்னத் தகடுகள். இன்றைக்கு அவை டூர்மலின் இல்லை. அதே குணமுள்ள, மனிதர் செய்த பொருட்கள். இரண்டும் எதிர் எதிராக இணைக்கப்பட்டிருக்கும். ஹீற்றர் போட்டு அறை முழுவதும் சூடேறினால் இரண்டும் ஒரே அளவில் மாறி, ஒன்றை ஒன்று ஈடுசெய்துவிடும். ஆள் நடந்துபோனால் ஒன்றில் முதலும் மற்றதில் பிறகும் சூடு படும். அப்போதுதான் 'அசைவு' என்று செய்தி வரும். வெளியே உள்ள குமிழைக் கூர்ந்து பாருங்கள், சின்னச் சின்னக் கட்டங்கள் தெரியும். 1820களில் பிரான்சில் ஃப்ரெனல் என்பவர் கலங்கரை விளக்குகளுக்காகச் செய்த வில்லையின் குட்டிப் பிள்ளைகள் அவை.

சுவருக்கு ஊடாக ஒரு மணி

இரண்டாவது விஷயம் வயர் இல்லாத செய்தி. 1895இல் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் ஓர் அறையில் இருந்து மின்காந்த அலையை அனுப்பினார். அது சுவர்களைக் கடந்துபோய் மற்ற அறையில் இருந்த மணியை அடித்தது. வெடிமருந்தையும் பற்ற வைத்தது. தூரத்தில் இருந்து ஒரு சுவிட்சைப் போடுவது என்றால் இதுதானே? இன்று என் மேசையில் இருக்கும் விரல் நீளப் பலகைகள் இரண்டிலும் வைஃபை சில்லு இருக்கிறது. ஒன்று அம்மம்மாவின் அறையில் உணரியோடு இருக்கும். மற்றது நடைபாதையில் விளக்கோடு இருக்கும்.

குறைக்காமல் குறைப்பது

மூன்றாவது, வெளிச்சத்தைக் குறைக்கும் கை. பழைய நாடக அரங்குகளில் உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் இரண்டு உலோகத் தகடுகளை வைத்து விளக்கைக் கட்டுப்படுத்தினார்கள். தகடுகளைக் கிட்டக் கொண்டுவந்தால் வெளிச்சம் கூடும், தள்ளினால் குறையும். மிச்ச மின்சாரம் சூடாகி வீணாகப் போகும். 1959இல் நியூயோர்க்கில் ஜோயல் ஸ்பைரா வேறு வழி கண்டார். மின்சாரத்தைச் சூடாக்கி வீணடிக்காமல், வினாடிக்குப் பல தடவை வெட்டி வெட்டிக் கொடுத்தார். அவருடைய கருவி சுவர்ப் பெட்டிக்குள்ளேயே அடங்கியது.

என் எல்ஈடி விளக்கும் அதே போலத்தான். அது உண்மையில் மங்குவதே இல்லை. வினாடிக்கு ஆயிரம் தடவை முழுதாக எரிந்து முழுதாக அணைகிறது. எரியும் நேரம் குறைவாக இருந்தால் எங்கள் கண் அதை மங்கல் என்று எடுத்துக்கொள்கிறது.

மெதுவாக வெட்டினால் என்ன நடக்கும்? அதற்கு விடை எங்கள் ரொறன்ரோவிலேயே இருக்கிறது. 1911இல் நயாகராவில் இருந்து பொது மின்சாரம் இங்கே வந்தது. அது வினாடிக்கு 25 சுற்று மட்டுமே ஓடிய மின்சாரம். விளக்குகள் துடிப்பது பலருடைய கண்ணுக்குத் தெரிந்தது. 1949இல் தொடங்கி 1959 வரை, பத்து வருடம் செலவழித்துத் தென் ஒன்ராறியோவை 60 சுற்றுக்கு மாற்றினார்கள். வீடு வீடாகப் போய் மணிக்கூடு, துணி துவைக்கும் இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றின் மோட்டாரையும் மாற்ற வேண்டியிருந்தது.

அணைந்துபோன விளக்கு

முதல் நிரலை எழுதினேன். அதன் சாரம் இவ்வளவுதான்:

அசைவு வந்தால், மெல்ல மெல்ல வெளிச்சத்தைக் கூட்டு.
இரண்டு நிமிடம் அசைவு இல்லை என்றால், ஆள் இல்லை, அணை.

இரண்டு இரவு நன்றாக வேலை செய்தது. மூன்றாம் நாள் காலை அம்மம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து என் முன்னால் இருந்தார்.

"பிள்ளை, உன்ரை லைற் நான் நிற்கேக்கையே அணைஞ்சுபோச்சு."

"அசையாமல் நிண்டனீங்களோ, அம்மம்மா?"

"சாமிப் படத்துக்கு முன்னாலை கும்பிட்டுக்கொண்டு நிண்டனான். அது நான் செத்துப்போனன் எண்டு நினைச்சிட்டுது போலை."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விழக்கூடாது என்று செய்த விளக்கு, அவரை நடு இருட்டில் விட்டிருக்கிறது.

நிரலை மூன்று தடவை படித்தேன். எழுத்துப்பிழை இல்லை. உணரியும் பழுதில்லை. அப்போதுதான் கான்ரன் கவனித்தது ஞாபகம் வந்தது. வெப்பம் *மாறும்போது* மட்டுமே கல் பேசும். அம்மம்மா அசையாமல் நின்றால், அந்தக் கண்ணுக்கு அவரும் சுவரும் ஒன்றுதான். 1759இல் தெரிந்துவிட்ட ஒரு விஷயத்தை நான் என் நிரலில் மறந்துவிட்டேன். பிழை கல்லில் இல்லை. 'அசைவு இல்லை' என்று அது சொன்னதை 'ஆள் இல்லை' என்று நான் மொழிபெயர்த்ததில்தான் பிழை.

எனவே நிரலை மாற்றினேன்:

அசைவு வந்தால், மெல்ல வெளிச்சத்தைக் கூட்டு.
இரண்டு நிமிடம் அசைவு இல்லை என்றால், எனக்குத் தெரியாது; மெல்லக் குறை, ஆனால் அணைக்காதே.
விடிந்த பிறகு மட்டும் அணை.

வெளிச்சத்தின் அளவு நிரலில் 0 முதல் 255 வரை இருக்கும். 'தெரியாது' என்ற நிலைக்கு 12 கொடுத்தேன். கணக்கில் இது இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு இது தாராளம். கதிரை எங்கே, கதவு எங்கே என்று தெரியும். சாதாரண சுவிட்சுக்கு 'ஓம்', 'இல்லை' என்ற இரண்டு சொல் மட்டுமே தெரியும். வெளிச்சத்தைக் குறைக்கத் தெரிந்த விளக்குக்குத்தான் 'தெரியாது' என்று சொல்ல ஒரு வழி இருக்கிறது.

நீங்களும் செய்து பார்க்க நினைத்தால் ஒரு விஷயம். நான் பாவித்தது 12 வோல்ற் எல்ஈடி பட்டி. சுவருக்குள் ஓடும் 120 வோல்ற் உயிரை எடுக்கும். சுவர்ப் பெட்டியைத் திறக்கவேண்டிய வேலை எதையும் உரிமம் பெற்ற மின் வேலைக்காரரிடம் விட்டுவிடுங்கள்.

புதிய நிரலைப் போட்ட இரவு, நான் நித்திரை கொள்ளாமல் கதவிடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மம்மா எழும்பினார். நடைபாதையில் வெளிச்சம் மெல்ல ஏறியது. சாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்றார். இரண்டு நிமிடம் கழித்து வெளிச்சம் இறங்கியது. ஆனால் அணையவில்லை. காலையில் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"இப்ப சரி. ஜாம் போத்தல் விளக்கு மாதிரி இருக்கு."

என் வாழ்நாளில் நான் செய்த எதற்கும் இதைவிட நல்ல பாராட்டுக் கிடைத்ததில்லை. பிறகு அவருக்கு அந்தத் தோரமல்லிக் கல்லின் கதையைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, கண்டல் ஆறிவந்த முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"அப்ப அதுவும் எங்கடை ஊரிலை இருந்து கப்பலேறி வந்ததுதான்."