இளவரசியின் பித்தளைப் பேழை



போர்முனையிலுள்ள வீரனுக்கு அவன் நாடு படைக்கலமும் உணவும் உடையும் அனுப்புகிறது. சில வேளைகளில் நினைவுப் பரிசும் அனுப்புவதுண்டு. அத்தகைய பரிசு ஒன்றின் வரலாற்றை இன்று காண்போம்.

1914-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பிரிட்டன் முதல் உலகப் போரில் இறங்கிற்று. அக்டோபரில், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மகளும் 17 வயதினருமான இளவரசி மேரி, வீரர்களுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு வழங்க வேண்டுமென்று மக்களிடம் நிதி வேண்டினார். திரண்ட தொகை 1,62,000 பவுனைக் கடந்தது.

அந்நிதியைக் கொண்டு, ஏறத்தாழ 5 அங்குல நீளமுள்ள பித்தளைப் பேழைகள் செய்யப்பட்டன. மூடியின் நடுவே இளவரசியின் உருவம். ஓரங்களில் பிரான்சு, ரஷ்யா, பெல்ஜியம், ஜப்பான் முதலிய நட்பு நாடுகளின் பெயர்கள். பேழையோடு புகையிலை, சிகரெட்டு, புகைக்குழாய், தீமூட்டி, வாழ்த்து அட்டை, இளவரசியின் படம் ஆகியவை வழங்கப்பெற்றன.

புகைக்காதவனுக்குப் புகையிலை எதற்கு? இக்கேள்வியைப் பரிசளித்தோரும் எண்ணிப் பார்த்தனர். அத்தகையோருக்கு மிட்டாயும், கடிதம் எழுதுவதற்கான தாளும், பென்சிலும் தந்தனர். செவிலியருக்குச் சாக்கலேட்டு அளித்தனர். அக்குளிர்காலத்தில் இந்தியப் படைகளும் பிரான்சின் பதுங்குகுழிகளில் போரிட்டுக்கொண்டிருந்தன. சீக்கியருக்குப் புகையிலை விலக்கு. ஆதலின் அவர்களுக்குக் கற்கண்டும் நறுமணப் பொருள்கள் அடங்கிய பெட்டியும் சென்றன. பெறுவோனின் வழக்கமறிந்து கொடுத்த இப்பண்பு பாராட்டத் தக்கதே.

கிறிஸ்துமஸ் நாளுக்குள் 3,50,000-க்கு மேற்பட்டோர் பரிசு பெற்றனர். பின்னர், அந்நாளில் மன்னரின் சீருடை அணிந்திருந்தோர் அனைவருக்கும் வழங்குவதென முடிவாயிற்று. ஆனால் பித்தளை தோட்டாக்களுக்கும் தேவைப்பட்டமையால் தட்டுப்பாடு உண்டாயிற்று. பேழைகளுக்கென அமெரிக்காவிலிருந்து வந்த பித்தளையில் ஒரு பகுதி, 1915 மே 7-இல் லூசிட்டானியா கப்பலோடு கடலில் மூழ்கிற்று. 1920-இல் நிதியின் பணி முடிவதற்குள் 25,00,000-க்கு மேற்பட்ட பரிசுகள் வழங்கப்பெற்றன.

இனி, வரலாற்றின் மறுபக்கத்தையும் நோக்குவோம். போர்க்காலத்தில் 10,00,000-க்கு மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து பணியாற்றினர். அவர்களுள் பெருந்தொகையினர் பஞ்சாப் மாகாணத்தினர். போர் முடிந்தபின் தம் நாட்டுக்குத் தன்னாட்சி கிட்டுமென இந்தியர் நம்பினர். கிட்டியதோ, விசாரணையின்றிச் சிறையிலிட வழிசெய்த ரௌலட் சட்டம். 1919 ஏப்ரல் 13-இல், அதே பஞ்சாபில், அமிர்தசரசின் ஜாலியன்வாலா பாகில் திரண்டிருந்த மக்கள்மீது துப்பாக்கிகள் முழங்கின. பரிசு நிதியின் பணி அப்பொழுதும் முற்றுப்பெறவில்லை!

பரிசளித்தோர் வேறு, ஆணையிட்டோர் வேறு என்பது மெய்யே. ஆயினும் இருசாராரும் ஒரே முடியாட்சியைச் சார்ந்தவர்கள். சீக்கிய வீரன் புகைக்க மாட்டான் என்பதை மறவாது நினைந்த அப்பேரரசு, அவனும் உரிமை வேண்டும் மனிதன் என்பதை நினைக்கத் தவறிற்று.

அப்பேழைகளுள் பல இன்றும் காட்சிசாலைகளிலும் வீரர்களின் வழித்தோன்றல்களிடமும் உள்ளன. அவற்றைக் காண நேரின், அன்புடன் காசளித்த எளிய மக்களையும், அதனைக் குளிரில் நடுங்கிய கைகளால் வாங்கிய வீரர்களையும் வணக்கத்தோடு நினையுங்கள். அதனோடு, எவ்வளவு அன்பாக ஈந்த பரிசாயினும் அஃது உரிமைக்கு ஈடாகாது என்பதையும் மனத்திற் கொள்ளுங்கள்.