குளிர்காய்ச்சலும் செம்புள்ளிகளும்

கிளேபாங் கடற்கரைக்கு எதிரே நீரிணை, அதற்கப்பால் சுமத்திரா. அங்கே டெலி வட்டாரத் தோட்டங்களில் நம் தமிழரும் உழைத்தனர், குளிர்காய்ச்சலில் வாடினர். அத்தோட்டங்களில் மருத்துவராயிருந்த ஷூஃப்னர், 1899-இல், நோயாளிகளின் இரத்தச் சிவப்பணுக்களில் நுண்புள்ளிகளைக் கண்டு எழுதினார். விவாக்ஸ் மலேரியாவுக்கு அவை அடையாளமாயின.

அப்புள்ளிகள் எவை? 1975-இல் ஐக்காவா குழுவினர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டனர்: அணுவின் மேலுறையில் சிறு குழிகள், அவற்றை ஒட்டி நுண்பைகள். 'சிறுகுகை' எனப் பொருள்படும் 'கேவியோலா' என்ற பெயரை 1955-இல் யமாடா இத்தகைய குழிகளுக்கு இட்டிருந்தார். நம் உடலிலும் கேவியோலின் என்னும் புரதம் இக்குழிகளை அமைக்கிறது. அதில் ஒருவகை பழுதானால் தசை நலியும் என்பது 1998-இல் தெரிந்தது. மலேரியாக் கிருமியோ, தன் சொந்தப் புரதங்களையே சிவப்பணுவின் குழிகளுக்கு அனுப்புகிறது.

விவாக்ஸ் கிருமி ஈரலில் உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்தும் எழும். போன காய்ச்சல் திரும்பியபோது, பேயென்று எண்ணி லயத்தில் மந்திரித்தோம். பேயன்று, ஈரலில் பதுங்கிய கிருமியே. ஆகவே, காய்ச்சல் தணிந்தாலும் மருத்துவர் சொன்ன நாள்வரை மாத்திரையை நிறுத்தாதிருப்போம்.