ராங்கெல் தீவு

ராங்கெல் தீவு ஆர்க்டிக் பெருங்கடலில், உருசியாவின் வடகிழக்குக் கரைக்கு அப்பால் ஏறத்தாழ 140 கிமீ தொலைவில் அமைந்துள்ள ஒரு தூந்திரத் தீவு ஆகும். இதன் பரப்பளவு சுமார் 7,600 சதுர கிமீ. உருசியக் கடற்படை அதிகாரியான பேர்டினண்ட் ராங்கெலின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. அவர் இத்தீவைத் தேடினாரே தவிர, கண்டதில்லை. 1976 இல் இயற்கைக் காப்பகமாகவும் 2004 இல் யுனெசுக்கோ உலக பாரம்பரியக் களமாகவும் அறிவிக்கப்பட்டது.

பழங்காலத் தட்பவெப்பம்

கடைசிப் பனியூழியில் கனடாவும் வட ஐரோப்பாவும் பனிப்பாளங்களின் அடியில் கிடந்தபோது, இப்பகுதி பெரும்பாலும் பனிப்பாளம் மூடாமல் இருந்தது. இங்குக் குளிர் குறைவாக இருந்தது என்பதல்ல இதன் பொருள்; வறட்சி மிகுந்திருந்ததால் பனிப்பாளம் வளரப் போதிய பனிப்பொழிவு இல்லை. அன்று கடல்மட்டம் நூறு மீட்டருக்கும் கூடுதலாகத் தாழ்ந்திருந்தது. எனவே இன்றைய தீவு, ஆசியாவையும் அலாசுக்காவையும் இணைத்த பெரிங்கியா என்னும் புல்வெளி நிலத்தின் மலைப்பகுதியாக விளங்கியது. பனி உருகிக் கடல் உயர்ந்ததால், சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் அது பெருநிலத்திலிருந்து துண்டிக்கப்பட்டது. பனிப்பாளத்திற்குத் தப்பியதால் 400க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் இங்கு வளர்கின்றன. இது உயர் ஆர்க்டிக் தீவு ஒன்றுக்கு வியப்பூட்டும் எண்ணிக்கையாகும்.

கடைசி மாமூத்துகள்

பெருநிலத்தில் மாமூத்துகள் அழிந்த பின்னரும் இத்தீவில் அவை வாழ்ந்தன என்பதை 1993 இல் வெளியான காலக்கணிப்பு ஆய்வு காட்டியது. கடைசி விலங்குகள் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் மடிந்தன. அதாவது, எகிப்தின் கீசா பெரும் பிரமிடு எழுந்து சில நூற்றாண்டுகள் ஆன பின்னரும் இவை இங்கு மேய்ந்து கொண்டிருந்தன. முதலில் இவை குள்ள இனமாகக் கருதப்பட்டன. பிற்கால அளவீடுகள் அக்கருத்தை ஏற்கவில்லை. 2024 இல் வெளியான மரபணு ஆய்வின்படி, தீவின் மாமூத்துகள் அனைத்தும் எட்டுக்கு மேற்படாத விலங்குகளின் வழித்தோன்றல்கள். அவை இருநூறு, முந்நூறாகப் பெருகி ஏறத்தாழ 6,000 ஆண்டுகள் நிலைத்தன. நெருங்கிய உறவினச் சேர்க்கையால் தீய மரபுப் பிறழ்வுகள் அவற்றிடம் இருந்தபோதிலும், அவை மெல்லத் தேய்ந்து மறையவில்லை; திடீரென அழிந்தன. நோயா, வானிலைக் கேடா என்பது முடிவாகவில்லை. வேட்டையைக் காரணமாகக் காட்டுவதும் கடினம்: இங்குக் கிடைத்த மிகப்பழைய மனிதத் தடயங்கள் கடைசி மாமூத்துக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியவை.

இன்றைய விலங்குகள்

பெண் துருவக் கரடிகள் குட்டி ஈனுவதற்காகப் பெருந்தொகையில் இங்குப் பனிக்குகை தோண்டுகின்றன. வட அமெரிக்காவில் குளிர்காலத்தைக் கழிக்கும் வெண்பனி வாத்துகளுக்கு ஆசியாவில் எஞ்சியுள்ள ஒரே பெரிய இனப்பெருக்கக் களமும் இதுவே. இவற்றுள் சில, நரிகளை விரட்டும் பனி ஆந்தையின் கூட்டருகே முட்டையிட்டுப் பாதுகாப்புத் தேடுகின்றன. கத்தூரி எருதுகள் 1975 இல் மனிதரால் கொண்டு வரப்பட்டவை. கோடையில் கடற்பனி வெகுதூரம் பின்வாங்கும் ஆண்டுகளில், வழக்கமாகப் பனி மிதவைகளில் ஓய்வெடுக்கும் வால்ரசுகள் ஆயிரக்கணக்கில் கரையேறுகின்றன. கரடிகளும் பனி திரும்பும் வரை நிலத்திலேயே காத்திருக்கின்றன.