வெளிநாட்டு நிதிக்கு விண்ணப்பிக்கும் வன்னிச் சங்கங்களுக்குச் சில அனுபவக் குறிப்புகள்

2013 ஆம் ஆண்டு எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஒரு தூதரகத்தின் சிறு நிதிக்கு விண்ணப்பித்தது. மா, மிளகாய்த்தூள் அரைக்கும் ஆலை ஒன்று போடுவதுதான் திட்டம். விண்ணப்பத்தைக் கொழும்பிலிருந்த ஒருவர் நல்ல ஆங்கிலத்தில் எழுதித் தந்தார். இடம் பார்க்க வந்த உத்தியோகத்தர் எங்களிடம் கேட்டது ஒரு கேள்விதான்: "இந்த மெசின் எந்தக் கரண்டில ஓடும்?" எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. மெசினுக்குத் திரீ பேஸ் வேண்டும். எங்கள் வீதியில் இருந்தது சிங்கிள் பேஸ். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

அந்த ஆலையை நம்பியிருந்தவர்கள் பெரும்பாலும் கணவனை இழந்த அல்லது கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண்கள். மெனிக் பாமிலிருந்து திரும்பித் தறப்பாள் கொட்டிலில் இருந்து தொடங்கியவர்கள். அவர்களிடம் போய் "கிடைக்கவில்லை" என்று சொன்னது நான்தான். அதற்குப் பிறகு எங்கள் விண்ணப்பங்களை நாங்களே எழுதக் கற்றுக்கொண்டோம். சில கிடைத்தன, பல கிடைக்கவில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாவில் இருக்கும் சிறு சங்கங்களுக்கு அந்த அனுபவம் உதவும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் பதிவும் கோப்பும்

நிதி தேடுவதற்கு முன் உங்கள் சங்கம் சட்டப்படி என்ன வகை என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் பிரதேச செயலகம் ஊடாகப் பதிவாகின்றன. அரச சார்பற்ற நிறுவனமாக இயங்க விரும்பினால் 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் (பதிவு செய்தலும் மேற்பார்வையும்) சட்டத்தின் கீழ் பதிய வேண்டும். இச்சட்டம் 1998 இல் திருத்தப்பட்டது. சிலர் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க கம்பனிகள் சட்டத்தின் 34 ஆம் பிரிவின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகவும் பதிகிறார்கள். அதற்குச் செலவும் கணக்காய்வுப் பொறுப்பும் கூட.

எந்த வகையானாலும் ஒரே கோப்பில் இவை இருக்கட்டும்: பதிவுச் சான்றிதழ், யாப்பு, நிர்வாக சபைப் பெயர்ப்பட்டியல், கடைசிப் பொதுக்கூட்ட அறிக்கை, வங்கிக் கணக்குக் கூற்று, இரண்டு வருடக் கணக்கறிக்கை. வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில், பதிவுச் சான்றிதழில் உள்ள அதே எழுத்தில் இருக்க வேண்டும். எங்கள் பெயர் ஆங்கிலத்தில் ஓரிடத்தில் ஒரு விதமாகவும் இன்னோரிடத்தில் வேறு விதமாகவும் இருந்ததால் வந்த பணம் மூன்று கிழமை வங்கியில் நின்றது.

எங்கே தேடுவது

சிறு சங்கம் நேரடியாகக் கேட்கக்கூடிய இடங்கள் சில உண்டு. கொழும்பிலுள்ள கனடிய உயர்ஸ்தானிகராலயம் 'உள்ளூர் முன்முயற்சிகளுக்கான கனடிய நிதியம்' ஊடாகவும், அவுஸ்திரேலிய உயர்ஸ்தானிகராலயம் 'நேரடி உதவித் திட்டம்' ஊடாகவும் சிறு நிதி வழங்குகின்றன. கனடாவின் நிதியாண்டு மார்ச் 31 இல் முடிவதால் அந்தத் திட்டங்கள் சில மாதங்களுக்குள் முடிய வேண்டும். அந்தச் சில மாதங்களுக்குள் எங்கள் மாரிகாலமும் வந்துவிடும். 2018 டிசம்பரில் இரணைமடு திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றது நினைவிருக்கும். கட்டட வேலையை ஐப்பசி, கார்த்திகையில் போட்டு அட்டவணை எழுதாதீர்கள்.

யப்பான் தூதரகத்தின் அடிமட்ட மனிதப் பாதுகாப்புத் திட்டங்களுக்கான நன்கொடை கட்டடம், உபகரணம் போன்றவற்றுக்குப் பொருந்தும். வடக்கில் கண்ணிவெடி அகற்றலுக்கும் அந்த நிதி வந்திருக்கிறது. ஆனால் சம்பளம், அன்றாட நடைமுறைச் செலவு ஆகியவற்றுக்கு அதை எதிர்பார்க்க முடியாது. குளம், காடு, மண், விதை சார்ந்த வேலை என்றால் ஐ.நா அபிவிருத்தித் திட்டத்தின் ஊடாக நடக்கும் உலகச் சுற்றாடல் வசதியின் சிறு நிதித் திட்டத்தைப் பாருங்கள்.

பெண்கள் குழுக்களுக்கு வேறு கதவுகளும் உண்டு. பிரிடா என்ற இளம் பெண்ணிய நிதியம் இளம் பெண்கள் நடத்தும் புதிய குழுக்களுக்கு உதவுகிறது. அங்கே பதிவு கட்டாயமில்லை. மனித உரிமைப் பணியால் அச்சுறுத்தல் வந்தால், டப்ளினில் இருந்து இயங்கும் புரொன்ட் லைன் டிபென்டர்ஸ் பாதுகாப்புக்கான அவசர நிதி வழங்குகிறது. உள்நாட்டில் நீலன் திருச்செல்வம் அறக்கட்டளை சிறு அமைப்புகளுக்கு நிதி கொடுக்கிறது. எங்கேயும் முதல் கேள்வியாக, தமிழில் எழுதலாமா என்று கேளுங்கள். கேட்டதற்காக ஒருவரும் குறைவாக நினைத்ததில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் பெரிய அழைப்புகளுக்குச் சிறு சங்கம் தனியே போவது வீண் உழைப்பு. அவற்றை வெல்லும் பெரிய நிறுவனங்கள் பல வேளைகளில் ஒரு பகுதியை உள்ளூர் அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த உப நிதி அழைப்புகளை அறிய மாவட்டச் செயலகத்தில் நடக்கும் ஒருங்கிணைப்புக் கூட்டங்களுக்குப் போங்கள்.

ஒரே கூடையில் எல்லாவற்றையும் வைக்க வேண்டாம். 2025 ஜனவரி 20 ஆம் திகதி அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்தது. அதே வருடம் ஜூலை 1 ஆம் திகதியோடு யூஎஸ்எயிட் நிறுவனமே மூடப்பட்டது. இலங்கை, உக்ரேன் என்று உலகம் முழுவதும் அதன் பணத்தில் நடந்த வேலைகள் ஒரே நேரத்தில் நின்றன.

எப்படி எழுதுவது

பெரும்பாலான படிவங்கள் கேட்பது ஐந்து விடயங்கள்: பிரச்சினை என்ன, யாருக்கு, என்ன செய்வீர்கள், எவ்வளவு செலவு, முடிந்தபின் என்ன மிஞ்சும்.

"போரால் பாதிக்கப்பட்ட மக்கள் வறுமையில் வாடுகின்றனர்" என்று எழுதினால் அது எந்த ஊருக்கும் பொருந்தும். "எங்கள் கிராம உத்தியோகத்தர் பிரிவில் இத்தனை குடும்பம், அதில் இத்தனை பெண் தலைமைத்துவக் குடும்பம், கச்சானைக் கோதோடு வியாபாரியிடம் கிலோ இந்த விலைக்கு விற்கிறோம், வறுத்துப் பொதி செய்தால் இந்த விலை" என்று எழுதினால் அது உங்கள் ஊர். எண்ணிக்கைகளைக் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டு எடுங்கள். முதலில் எல்லாரும் கூடித் தமிழில் எழுதுங்கள், பிறகு மொழிபெயர்க்கலாம். இடம் பார்க்க வருபவர் யாரைக் கேட்டாலும் பதில் வர வேண்டும். ஆலை விடயத்தில் நாங்கள் தோற்றது அங்கேதான்.

வரவு செலவை ரூபாவில் போட்டு, எந்த நாணய மாற்று விகிதத்தில் கணக்கிட்டீர்கள் என்று குறிப்பிடுங்கள். 2022 இல் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் 350 ரூபாவைத் தாண்டியது. பெரிய பொருட்களுக்கு மூன்று கடைகளில் விலைக்கோரல் எடுங்கள். கணக்காய்வு, போக்குவரத்து, கணக்கு எழுதும் பிள்ளையின் கொடுப்பனவு ஆகியவற்றை வெட்கப்படாமல் சேருங்கள்.

பணம் வந்த பிறகு

ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் வெள்ளைத் தாளில் ஒட்டித் திகதி எழுதுங்கள். கடைச் சிட்டையின் மை ஆறு மாதத்தில் அழிந்துவிடும், ஆகவே போட்டோப் பிரதி எடுத்து வையுங்கள். வரி விடயத்தையும் கணக்காளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், அரச சார்பற்ற நிறுவனம் பெறும் நன்கொடையில் 3 சதவீதத்தை வருமானமாகக் கருதுகிறது.

வன்னியில் இன்னொரு விடயமும் உண்டு. விசாரணைப் பிரிவினர் வந்து "காசு எங்கயிருந்து வந்தது?" என்று கேட்பது எங்களுக்குப் புதிதல்ல. ஒப்பந்தப் பிரதி, வங்கிக் கூற்று, கூட்ட அறிக்கை மூன்றையும் ஒரு தனிக் கோப்பில் வைத்திருங்கள். வருபவரின் பெயர், பிரிவு, திகதியைக் குறித்து வையுங்கள். தனியே பதில் சொல்லாமல் இன்னொரு நிர்வாகியையும் கூப்பிடுங்கள்.

புலம்பெயர் உறவுகளின் உதவியைப் பெறும்போதும் கவனம் தேவை. 2014 இல் அரசாங்கம் 16 அமைப்புகளையும் 400 இற்கும் மேற்பட்ட தனிநபர்களையும் வர்த்தமானியில் தடைப்பட்டியலிட்டது. அந்தப் பட்டியல் பிறகு பல தடவை மாறியிருக்கிறது. பணம் வருமுன் அன்றைய பட்டியலைப் பார்த்துவிடுங்கள். உண்டியலில் வேண்டாம், வங்கி ஊடாக மட்டும் வாங்குங்கள்.

மின்னஞ்சலில் "உங்கள் சங்கத்துக்கு ஐந்து இலட்சம் டொலர் ஒதுக்கப்பட்டுள்ளது, முதலில் கட்டணம் கட்டுங்கள்" என்று வந்தால் அது மோசடி. நிதி தருவதற்காக எந்த உண்மையான நிறுவனமும் கட்டணம் கேட்காது. "எழுதித் தருகிறேன், கிடைத்தால் பத்து வீதம் தாருங்கள்" என்பவர்களையும் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

எதை விற்கக் கூடாது

2016 இல் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதாபிமான உச்சிமாநாட்டில், உதவி நிதியில் 25 சதவீதத்தை 2020 அளவில் உள்ளூர் அமைப்புகளிடம் சேர்ப்பதாகப் பெரிய நாடுகளும் நிறுவனங்களும் உடன்பட்டன. அந்த இலக்கு எட்டப்படவில்லை. 2022 இற்குப் பின் உக்ரேனிய அமைப்புகளும் இதே முறைப்பாட்டைத்தான் சொல்கின்றன: களத்தில் நிற்பது நாங்கள், பணம் நிற்பது வேறிடத்தில். ஆகவே ஒரு நிராகரிப்பு வந்தால் உங்கள் தேவை பொய்யென்று எண்ணாதீர்கள். காரணம் கேட்டு எழுதுங்கள். சிலர் பதில் தருவார்கள், அடுத்த விண்ணப்பத்துக்கு அது பெரிய உதவி.

கடைசியாக ஒன்று. படிவத்தோடு படமும் "கதையும்" கேட்பார்கள். ஒரு தடவை எங்கள் அம்மா ஒருவர், மகனின் படத்தை வைத்துக்கொண்டு அழும் படம் வேண்டும் என்று கேட்டவருக்குச் சொன்னார்: "தம்பி, நான் ஆடு வளர்க்கத்தான் காசு கேட்டனான். மகனைப் பற்றிக் கேக்கிறதெண்டா அது வேற கதிரையில இருந்து கதைப்பம்." ஆட்டோடு நிற்கும் படத்தைத்தான் அனுப்பினோம். அந்த நிதி கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தாலும் நாங்கள் அந்தப் படத்தைத்தான் அனுப்பியிருப்போம்.