வளைகுடா வேலைக்குப் போறீங்களா? எந்தக் காப்பீடு எதுக்குன்னு தெரிஞ்சுக்கோங்க!

வெளிநாட்டு வேலைன்னா விசா, டிக்கெட், சம்பளம் எல்லாம் விசாரிக்கிறோம். 'உடம்புக்கு முடியலைன்னா ஆஸ்பத்திரி செலவு யாரோடது?' என்ற கேள்வி மட்டும் விட்டுப்போகிறது.

பிரவாசி பாரதிய பீமா யோஜனா

இசிஆர் பாஸ்போர்ட்டில், குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்கு வேலைக்குச் செல்பவர்களுக்கு இது கட்டாயம். பிரீமியம் 2 ஆண்டுக்கு ரூ.275, 3 ஆண்டுக்கு ரூ.375. விபத்தில் இறப்பு அல்லது நிரந்தர ஊனம் ஏற்பட்டால் ரூ.10 லட்சம் கிடைக்கும். ஆனால், சிகிச்சைக்கு அதிகபட்சம் ரூ.1 லட்சம்தான். அதனால் இதையே முழு மருத்துவக் காப்பீடா நினைச்சுடாதீங்க.

கம்பெனி தரும் காப்பீடு

ஐக்கிய அரபு அமீரகம் முழுவதும் தனியார் ஊழியர்கள், வீட்டுப் பணியாளர்களுக்கு முதலாளியே காப்பீடு எடுப்பது 2025 ஜனவரி 1 முதல் கட்டாயம். அடிப்படை பாலிசியில் குறிப்பிட்ட மருத்துவமனைகள்தான் இருக்கும். பில்லில் ஒரு பங்கை நீங்களும் கட்ட வேண்டும்.

ஊரில் இருக்கும் குடும்பம்

கம்பெனி பாலிசி பொதுவாக ஊரில் உள்ளவர்களுக்கு உதவாது. அவர்களுக்கு இங்கே தனியாக ஃபேமிலி ஃப்ளோட்டர் தேவை. ஏற்கெனவே பாலிசி இருந்தா, கிளம்பும்போது நிறுத்தாதீங்க. திரும்பி வந்து புதுசா எடுத்தா, ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு 3 ஆண்டுகள் வரை காத்திருக்க நேரலாம்.

கையெழுத்துப் போடும் முன் கேளுங்க: காப்பீடு எந்த நாளில் தொடங்கும்? எந்த ஆஸ்பத்திரி? வேலை போனா என்னாகும்?